‘சூப்பர் மேடம்’ போதாது: ஆன்லைன் பாடத்தைப் பின்னூட்டத்தாலும் மதிப்பீட்டாலும் செப்பனிடும் வழி

வகுப்பு முடிந்த இரவில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் எப்போதும் இதுதான் இருக்கும். “சூப்பர் மேடம்”, “தெளிவான விளக்கம்”, வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், நடுவே ஒரு ரோஜாப்பூ. நான் மாலை நேரத்தில் ஆன்லைனில் எக்செல் சொல்லித்தருகிறேன். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்திலோ ஜவுளிக்கடைக் கணக்கிலோ பள்ளி அலுவலகத்திலோ வேலை செய்பவர்கள். முதல் சில பேட்ச்சுகளில் அந்தக் கைகூப்பல்களைப் பார்த்து மனம் குளிர்ந்துபோயிருந்தேன்.

பாடத்தை முடித்துச் சான்றிதழும் வாங்கிய ஒரு மாணவி ஒருநாள் போன் செய்தார். “மேடம், அந்த டாலர் குறி போடுற இடம் மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லை” என்றார். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பட்டியலின் எல்லை நகராமல் பிடித்துவைக்கும் குறி அது, மூன்றாவது வாரத்துப் பாடம். அது வராமல் அதற்கு மேல் எதுவுமே ஓடாது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க நல்லாத்தான் சொல்லித்தந்தீங்க, என் கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு” என்றார். கடைசி நாள் படிவத்தில் அவர் எனக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்.

அந்த ஐந்து பொய் இல்லை, அது மரியாதை. ஆசிரியரைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்களிடம் “பாடம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். அதை வைத்துப் பாடத்தைத் திருத்த முடியாது. மாணவர் என்ன செய்தார், எங்கே நின்றார், எதைத் தப்பாகச் செய்தார் என்று பார்த்தால் திருத்தலாம். கீழே வருவது நான் இப்போது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செய்கிற வரிசை. எக்செல் இடத்தில் தையல், டேலி, ஆரி வேலை, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று உங்கள் பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முடிவில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

பின்னூட்டம் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. “மாணவர் எக்செல்லில் நல்ல அறிவு பெறுவார்” என்று எழுதினால் அதை எதை வைத்து அளப்பது? ஒரு வேலையாக எழுதுங்கள். என்னுடைய வரி இது: “பொருள் பெயர் ஒரு பட்டியலிலும் விலை இன்னொரு பட்டியலிலும் இருந்தால், யாரையும் கேட்காமல் கால் மணி நேரத்தில் இரண்டையும் பொருத்தி மொத்தத் தொகை எடுப்பார்.” இப்படி நாலைந்து வரி போதும். இருபது வரி வந்தால் நீங்கள் ஒரு பாடம் நடத்தவில்லை, மூன்று நடத்துகிறீர்கள்.

பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு நிலைகளைச் சொன்னார்: மாணவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் பயன்படுத்துகிறாரா, அதனால் ஏதாவது பலன் கிடைத்ததா. இன்றும் பயிற்சித் துறையில் எல்லோரும் எடுத்து வைப்பது இந்த ஏணியைத்தான். நம்மில் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம், ஏனென்றால் அதை அளப்பது சுலபம். திட்டம் போடும்போது ஏணியைத் தலைகீழாகப் பிடியுங்கள். வேலையில் எது மாற வேண்டும் என்று தொடங்கி, அதற்கு என்ன கற்க வேண்டும் என்று இறங்கி வாருங்கள். பிடித்ததா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: சேரும் நாளிலேயே ஒரு சின்னச் சோதனை

தொடக்கத்தில் எங்கே இருந்தார் என்று தெரியாமல், முடிவில் எங்கே வந்தார் என்று சொல்ல முடியாது. முதல் நாள் ஒரு சின்னக் கோப்பை அனுப்பி, பத்து நிமிடத்தில் முடிந்ததைச் செய்து திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். “இது தேர்வு இல்லை, வராவிட்டால் காலியாக விடுங்கள்” என்று இரண்டு முறை சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் தெரிந்த தம்பியைச் செய்ய வைத்து அனுப்பிவிடுவார்கள். இதே மாதிரியான கோப்பைக் கடைசி நாளும் கொடுக்க வேண்டும். எண்கள் மட்டும் வேறாக இருந்தால் போதும்.

கூடவே மூன்று கேள்விகள்: எந்தக் கருவியில் படிக்கப்போகிறீர்கள், எந்த எக்செல், எந்த வேலைக்காகக் கற்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை நான் தாமதமாகத்தான் சேர்த்தேன். ஒரு பட்டியலில் தேடி, பொருந்தும் விவரத்தை எடுத்துத்தரும் எக்ஸ்லுக்கப் என்ற வசதி மைக்ரோசாஃப்ட் 365-லும் எக்செல் 2021-லும் உண்டு, 2016-லும் 2019-லும் கிடையாது. பழைய எக்செல் வைத்திருப்பவருக்கு அதை எவ்வளவு அழகாக நடத்தினாலும் அவருக்குத் தெரிவது ஒரு பிழைச்செய்திதான். அந்தப் பிழையும் கடைசியில் “எனக்கு மூளை போதாது” என்றுதான் அவருக்குத் தோன்றும்.

படி 3: பாடம் முடிந்த கையோடு ஒரே ஒரு கேள்வி

பாடம் முழுக்க முடிந்த பிறகு கேட்டால் மறந்திருப்பார்கள். அன்றன்றைக்குக் கேட்க வேண்டும். ஆனால் பத்துக் கேள்வி கேட்டால் மூன்றாம் நாளே பதில் நின்றுவிடும்.

ஹார்வர்டில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் 1989-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தன் வகுப்பு முடிவில் கேட்ட கேள்வியை விவரித்திருக்கிறார்: இன்றைய பாடத்தில் எது மிகவும் கலங்கலாக இருந்தது? இந்த ஒரு கேள்வி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது மேடம்” என்று முடிந்துவிடும். “எது கலங்கல்?” என்று கேட்கும்போது ஏதோ ஒன்று கலங்கலாக இருப்பது இயல்புதான் என்று கேள்வியே ஒத்துக்கொள்கிறது. பதில் சொல்பவர் யாரையும் குறை சொன்னதாக ஆகாது.

நம் ஊர் மரியாதைக்கு அதுவும் சில நேரம் போதவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் வளைத்துக் கேட்கிறேன்: “இந்த வீடியோவை உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் காட்டினால் எந்த இடத்தில் அவர் முழிப்பார்?” யாரோ ஒருவர் முழிப்பதாகச் சொல்வதில் கூச்சமே இல்லை. கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். அந்த ‘புதியவர்’ யார் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துவிடுங்கள்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். நேரம் குறிக்க அது போதும், பின்னூட்டத்துக்கு ஆகாது. கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டு அனுப்புங்கள். இன்னொன்று, தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் நிறைய. குரல் பதிவாக அனுப்பலாம் என்று சொல்லுங்கள். எழுதச் சொன்னால் “நன்று” என்று ஒரு சொல் எழுதுகிறவர், பேசச் சொன்னால் மூன்று நிமிடம் பேசுவார். அந்த மூன்று நிமிடத்தில்தான் சரக்கு இருக்கும். குரல் பதிவில் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால், விருப்பம் இருப்பவர் மட்டும் தனிச்செய்தியில் அனுப்பட்டும்.

குழுவில் வரும் சந்தேகங்களையும் விடாதீர்கள். நான் ஒரு தாளில் மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன்: தேதி, எந்தப் பாடம், அவர்கள் கேட்டது. அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறேன். “தேதி வடிவமைப்புப் பிரச்சினை” என்று நாமாக மாற்றி எழுதினால் பாதி விஷயம் போய்விடும். “25-ஆம் தேதி மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் அவர் கணினி அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துத் தேதி படிக்கிறது என்று புரிந்துவிட்டது. 25 என்று ஒரு மாதம் இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 4-ஆம் தேதியாக இருந்தால் சத்தமே இல்லாமல் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

படி 4: வீடியோவின் வரைபடத்தைப் படியுங்கள்

யூடியூபில் பாடத்தை ஏற்றியிருந்தால், எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்ற கோடு அதன் ‘ஸ்டுடியோ’ பக்கத்தில் கிடைக்கும். மற்ற தளங்களிலும் இதுபோல ஏதாவது இருக்கும். கோடு சரிகிற இடத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மேலே எழும்புகிற இடத்தையும் பாருங்கள். திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கலாம், அல்லது நீங்கள் வேகமாக ஓட்டியிருக்கலாம். எது என்று வரைபடம் சொல்லாது. அந்த இருபது நொடியை நீங்களே போனில், சின்னத் திரையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று பட்டன்களைச் சொல்லாமலேயே கிளிக் செய்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

பிலிப் குவோவும் அவருடைய கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவர் பார்த்த நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைப் படித்ததும் என் முக்கால் மணி நேர வீடியோக்களை நினைத்து வெட்கப்பட்டேன். அதற்காக எல்லாவற்றையும் ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்ட வேண்டும் என்றில்லை. அளந்து பாருங்கள், உங்கள் மாணவர்களுக்கு எல்லை வேறாக இருக்கலாம். தமிழில் எக்செல் தேடி, காசு கொடுத்து வந்தவர் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்பார்.

பார்வையாளர் மிகக் குறைவாக இருந்தால் இந்தக் கோட்டை நம்பாதீர்கள். பத்துப் பேரில் ஒருவர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாலே கோடு மாறிவிடும்.

படி 5: நின்றுபோனவர்களைத் தேடிப் பேசுங்கள்

கடைசி நாள் படிவத்தை நிரப்புகிறவர்கள் கடைசி நாள் வரை இருந்தவர்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டவரிடம் மட்டும் சமையல் எப்படி என்று கேட்பது போன்றது அது. பாதியில் இலையை மூடி எழுந்து போனவர் வாசலைத் தாண்டியிருப்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஆன்லைனில் இப்படிப் போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20 ஆயிரத்துக்குச் சற்று மேல். அது இலவசப் பாடம், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. கட்டணம் வாங்கும் பாடத்தில் ஒருவர் நின்றால் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

அதனால் இரண்டு வாரமாக வராதவர்களில் நாலைந்து பேருக்கு நேரடியாகப் போன் போடுங்கள். “ஏன் வரவில்லை?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடத்து வாத்தியார் கேள்வி. பதிலும் பள்ளிக்கூடத்துப் பதிலாகவே வரும்: “நேரமே கிடைக்கல மேடம்.” நேரம் இல்லை என்பது மரியாதையாக வெளியேறும் கதவு. நான் இப்படித் தொடங்குகிறேன்: “கடைசியாக எந்தப் பாடத்தைத் திறந்தீங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு?” இப்படிக் கேட்டால் கதை வரும். குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு பாடம் விட்டுப்போச்சு, அதற்குள் குழுவில் மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், திரும்பி வர வெட்கமாக இருந்தது. இதைக் கேட்டால் திருத்த வேண்டியது வீடியோவை இல்லை என்று தெரிகிறது. பின்தங்கியவர் திரும்பி வர ஒரு வழி வேண்டும். வாரத்தில் ஒருநாள் புதுப்பாடம் எதுவும் இல்லாமல் ‘விட்டதைப் பிடிக்கும் நாள்’ என்று வைத்தேன்.

பேசும்போது திரும்பச் சேரச் சொல்லி விற்காதீர்கள். ஒரு முறை விற்றால், அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்.

படி 6: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிகப் பலன், ஆனால் இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு மாணவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் செய்வதை வாய்திறக்காமல் பார்ப்பது. நேரில் முடியாவிட்டால் ஜூமில் திரையைப் பகிரச் சொல்லலாம். “மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்பது மட்டும்தான் நீங்கள் சொல்ல வேண்டியது.

இணையதளங்களைச் சோதிப்பதில் பேர்போன யாக்கோப் நீல்சன், ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். அவர் கணக்கில் சுமார் 85 சதவீதம். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, இன்னும் ஐந்து பேரைப் பார்ப்பது மேல் என்பதும் அவர் சொன்னதுதான். அது மென்பொருளுக்குச் சொன்ன கணக்கு, பாடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது ஆளிலேயே நான் தலையில் கைவைத்துவிட்டேன்.

அந்த டாலர் குறி விஷயம்தான். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பட்டியலின் எல்லை நகராமல் இருக்க டாலர் குறி வேண்டும். வீடியோவில் நான் “எஃப்4 அழுத்துங்கள்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். என் கணினியில் அழுத்தினால் குறி வந்துவிடும். அவர் மடிக்கணினியில் அழுத்தினால் ஸ்பீக்கர் சத்தம் கூடியது. பல மடிக்கணினிகளில் மேல்வரிசைப் பொத்தான்கள் சத்தம், வெளிச்சம் போன்றவற்றுக்குத்தான் முதலில் வேலை செய்யும். எஃப்4 வேண்டுமானால் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். அவர் நாலு முறை அழுத்தினார், சத்தம் நாலு கட்டம் ஏறியது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, குறி இல்லாமலேயே சூத்திரத்தை இழுத்தார்.

போனில் அந்த மாணவி சொன்ன ‘கம்ப்யூட்டர் கோளாறு’ இதுதான். எந்தப் படிவத்திலும் இது வந்திருக்காது, ஏனென்றால் இது பாடத்தின் குறை என்றே அவர்களுக்குத் தெரியாது. திருத்தம் ஒரே ஒரு வாக்கியம்: எஃப்4 வேலை செய்யாவிட்டால் எஃப்என் சேர்த்து அழுத்துங்கள், அதுவும் இல்லாவிட்டால் டாலர் குறியைக் கையால் தட்டுங்கள்.

பார்க்கும்போது ஒரு விதி. அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். உதவாதீர்கள். எந்த நொடியில் தடுமாறினார், எதைத் தேடினார், எதைத் தப்பாக நம்பினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொடுங்கள். திரையைப் பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். அலுவலகக் கோப்பைத் திறக்க விடாதீர்கள். இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்தவர் சம்பளப் பட்டியல் நம் பதிவில் இருக்கக்கூடாது.

படி 7: வினாத்தாளுக்கும் ஒரு தேர்வு வையுங்கள்

மதிப்பெண் குறைந்தால் மாணவரைத்தான் சந்தேகப்படுகிறோம். கேள்வியே தப்பாக இருக்கலாம். இதற்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம், இரண்டு எண்கள் போதும்.

முதலாவது எளிமை எண்: சரியாக எழுதியவர்களை மொத்தப் பேரால் வகுப்பது. உதாரணத்துக்கு 40 பேரில் 30 பேர் சரி என்றால் 0.75. இரண்டாவது பிரித்தறியும் எண்: மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கும் 27 சதவீதம் பேரையும் எடுங்கள். 40 பேருக்கு அது 11, 11. அந்தக் கேள்விக்கு மேல்வரிசை 11 பேரில் 10 பேரும் கீழ்வரிசையில் 5 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 5, அதை 11-ஆல் வகுத்தால் 0.45. நல்ல கேள்வி. பாடம் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுகிறது. 27 என்ற அந்த விசித்திரமான எண் 1939-ல் ட்ரூமன் கெல்லி கணக்கிட்டுச் சொன்னது. நாற்பது பேர் வகுப்பில் கால்வாசி என்று வைத்துக்கொண்டாலும் குடிமுழுகாது. மூடுல் என்ற ஆன்லைன் பாட மென்பொருளைப் பயன்படுத்தினால் தேர்வின் புள்ளிவிவரப் பக்கத்தில் இதுபோன்ற எண்களை அதுவே போட்டுத்தரும்.

இப்போது இன்னொரு கேள்வியில் மேல்வரிசையில் 4 பேரும் கீழ்வரிசையில் 7 பேரும் சரி என்று வைத்துக்கொள்வோம். எண் கழித்தலில் போகிறது. நன்றாகப் படித்தவர்கள் தப்பு செய்கிறார்கள், படிக்காதவர்கள் சரியாக எழுதுகிறார்கள். பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பாக இருக்கும், அல்லது இன்னொரு விடையும் சரியாக இருக்கும். அந்தக் கேள்வியை அன்றே தூக்கிவிட்டு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். மன்னிப்பும் கேளுங்கள்.

அதைவிடச் சுவையானது, தப்பாக எழுதியவர்கள் எந்தத் தப்பைத் தேர்ந்தார்கள் என்பது. பட்டியலில் தேடி எடுக்கும் வீலுக்கப் சூத்திரத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் எக்செல் ‘ஏறத்தாழப் பொருந்துவதை’ எடுத்துக்கொள்ளும். பட்டியல் வரிசைப்படி இல்லாவிட்டால் தப்பான விலை வரலாம், பிழைச்செய்தியும் வராமல் போகலாம். இந்தக் கேள்விக்கு நாலு தப்பு விடைகளில் எல்லோரும் ஒரே தப்பில் குவிந்திருந்தால், அது கவனக்குறைவு இல்லை. நான் பாடத்தில் அந்த விஷயத்தைச் சரியாகச் சொல்லவில்லை. தப்புகள் நாலு பக்கமும் சிதறியிருந்தால் ஊகித்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதனால் தப்பு விடைகளை எழுதும்போதே மாணவர்கள் உண்மையில் செய்யும் தப்புகளாகப் பார்த்து எழுதுங்கள். படி 3-ல் எழுதிவைத்த சந்தேகத் தாள் இங்கே கைகொடுக்கும்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வு மதிப்பெண்ணை முழுதாக நம்பவும் வேண்டாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்களில் வாராந்திர ஒப்படைப்புக்கு 25 மதிப்பெண்தான், மீதி 75 மேற்பார்வையோடு மையத்தில் எழுதும் தேர்வுக்கு. நமக்கு மையம் கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் எண்கள் மாறிய கோப்பைக் கொடுத்து, “எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள்” என்று கேட்கலாம். காப்பியடித்தவர் அந்த ஒரு நிமிடத்தில் அகப்பட்டுக்கொள்வார்.

படி 8: கடைசி நாள் படிவம்

படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வையுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றி ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் கசப்பானது. 2017-ல் பாப் உட்லும் உடனிருந்தவர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது, மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர்கள் கற்ற அளவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் தெரியவில்லை. 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இன்னும் விசித்திரம்: தாங்களே கணக்குப் போட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். வியர்த்தால் கற்கவில்லை என்று தோன்றுகிறது போலும். 2015-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்லைன் பாடம் நடத்தியவர்கள் ஆண் என்றும் பெண் என்றும் அடையாளத்தை மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். நடத்தியவர் உண்மையில் யாராக இருந்தாலும், ஆண் என்று நம்பிய மாணவர்கள் கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். மேடம்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே என் படிவத்தில் நட்சத்திரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான். மீதி எல்லாம் நடந்ததைக் கேட்பவை. எந்தப் பாடத்தை இரண்டு முறைக்கு மேல் பார்த்தீர்கள்? எதைத் தாண்டிப் போனீர்கள்? போன வாரம் வேலையில் எதைப் பயன்படுத்தினீர்கள்? எதை நீக்கினால் யாருக்கும் வருத்தம் இருக்காது? ‘வேகமும் விளக்கமும் சரியாக இருந்தனவா?’ என்பது போல ஒரே கேள்வியில் இரண்டு கேட்காதீர்கள், எதற்குப் பதில் என்று தெரியாமல் போய்விடும். படிவத்தைச் சான்றிதழ் கொடுத்த பிறகு அனுப்புங்கள். முன்னால் அனுப்பினால் சான்றிதழுக்கான லஞ்சமாக ஐந்து நட்சத்திரம் வரும்.

சராசரியைப் பார்க்காதீர்கள், பரவலைப் பாருங்கள். எல்லோரும் மூன்று போட்டாலும் சராசரி மூன்று, பாதிப்பேர் ஐந்தும் பாதிப்பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி மூன்று. இரண்டாவது வகையில் உங்கள் வகுப்பில் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன, பிரித்து நடத்த வேண்டும்.

படி 9: எதைத் திருத்துவது, எதை விடுவது

இந்த நிலையில் கையில் முப்பது, நாற்பது குறைகள் இருக்கும். எல்லாவற்றையும் திருத்தப் போனால் அடுத்த பேட்ச் தொடங்காது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்கிறேன்: எத்தனை பேரைத் தடுத்தது, தடுக்கப்பட்டவரை எவ்வளவு தூரம் தடுத்தது? பின்னணியில் மிக்சி சத்தம் கேட்டது என்று பத்துப் பேர் சொன்னாலும் அது பாடத்தை நிறுத்தவில்லை. எஃப்4 பற்றி யாருமே சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் வாரத்துக்கு மேல் போக விடவில்லை.

ஒரே குறை மூன்று இடங்களிலிருந்து வந்தால் முதலிடம் கொடுங்கள். சந்தேகத் தாளிலும் இருக்கிறது, தேர்விலும் அங்கேதான் விழுகிறார்கள், வீடியோக் கோடும் அங்கே எழும்புகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒருவர், உரத்த குரலில், நீளமாக எழுதியது என்றால் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். காட்டமாக ஒருவர் எழுதிய இரவில் பாடத்தையே மாற்றி எடுத்து, அடுத்த பேட்ச்சில் மற்றவர்கள் எல்லோரையும் குழப்பியிருக்கிறேன்.

சில கோரிக்கைகளை மறுக்கவும் வேண்டும். “வீட்டுப்பாடம் வேண்டாம் மேடம், வீடியோ மட்டும் போதும்” என்பது எல்லாப் பேட்ச்சிலும் வரும். அதைக் கேட்டால் எல்லோருக்கும் பிடிக்கும், யாருக்கும் எக்செல் வராது.

படி 10: திருத்தியது பலித்ததா?

திருத்துவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: இதை மாற்றினால் எந்த எண் மாறும்? “எஃப்4 விளக்கம் சேர்த்தால் மூன்றாம் வாரக் கோப்பில் டாலர் குறி சரியாகப் போடுபவர்கள் கூடுவார்கள்.” அடுத்த பேட்ச்சில் அந்த ஒன்றை மட்டும் எண்ணுங்கள். ஒரே பாடத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

சின்ன வகுப்பில் எண்களை வைத்துக் கொண்டாட வேண்டாம். இருபது பேரில் இரண்டு பேர் கூடியது பாடத்தாலா, அந்தப் பேட்ச்சில் இரண்டு பேர் ஏற்கெனவே தெரிந்துகொண்டு வந்ததாலா? முதல் நாள் சோதனை இருந்தால் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு, மூன்று பேட்ச் தொடர்ந்து ஒரே திசையில் போனால் நம்பலாம்.

குறை சொன்னவர்களுக்கு, மாற்றியதைத் தெரிவியுங்கள். குழுவில் இரண்டு வரி போதும்: “தேதி இடப்பக்கம் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதற்கு மூன்று நிமிட வீடியோ சேர்த்திருக்கிறேன்.” சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்த பிறகு வரும் பின்னூட்டமே வேறு தரம். ‘சூப்பர் மேடம்’ குறையும், குறைகள் கூடும். முதலில் கொஞ்சம் வலிக்கும்.

படி 11: மூன்று மாதம் கழித்து

கிர்க்பாட்ரிக் ஏணியின் மூன்றாவது படி இது. நாள்காட்டியில் இன்றே குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடும். பாடம் முடிந்து மூன்று மாதம் ஆனதும் பழைய மாணவர்களில் பத்துப் பேருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறேன்: “இந்த வாரம் எக்செல்லில் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். எண்களை மறைத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் சரி.” பொதுவாக எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு வாரம், ஒரு வேலை.

போன முறை வந்த பதில்களில், நான் இரண்டு பாடம் ஒதுக்கி ஆசையாக நடத்திய வரைபடங்களை யாரும் தொட்டிருக்கவில்லை. வங்கியிலிருந்து இறக்கிய கணக்குக் கோப்பைச் சுத்தம் செய்வதில்தான் எல்லோருடைய நேரமும் போய்க்கொண்டிருந்தது. தேதி எழுத்தாக வருகிறது, தொகையில் இடைவெளி ஒட்டியிருக்கிறது, ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. இதற்கென்று என் பாடத்தில் தனியாக எதுவுமே இல்லை. வரைபடத்தை ஒரு பாடமாகச் சுருக்கிவிட்டு, புதிதாக ஒரு மாதிரி வங்கிக் கோப்பைத் தயார் செய்திருக்கிறேன். அடுத்த பேட்ச்சுக்கு முதல் நாள் சோதனையும் அதுதான், கடைசி நாள் சோதனையும் அதுதான்.